ஆய்வுச் சுருக்கம் அனுப்புகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

"திருகோணமலை உலகப் புகழ்பெற்ற இயற்கைத் துறைமுகத்தைக் கொண்ட மாவட்டமாகும்." மூதூரில் பெண்கள் எடுக்கும் நுண்கடனை ஆராய்ந்தாலும் சரி, நிலாவெளி விடுதிகளின் கழிவுநீரை ஆராய்ந்தாலும் சரி, நம்மவர்கள் மாநாடுகளுக்கு அனுப்பும் ஆய்வுச் சுருக்கம் அநேகமாக இந்த வசனத்தோடுதான் தொடங்கும். துறைமுகத்தின் பெருமையில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் மாநாட்டுக்காரர்கள் பெரும்பாலும் தருவது 250 சொல், மிஞ்சினால் 300. அதில் பாதியை ஊர்ப்பெருமையும் "இன்றைய நவீன உலகில்" என்ற முன்னுரையும் விழுங்கிவிட்டால், நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன கண்டீர்கள் என்று சொல்ல இடமேது? பின்புலத்துக்கு இரண்டு வசனம் தாராளம். மூன்றாவதில் நோக்கம் வந்துவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, பெறுபேறே இல்லாமல் அனுப்புவது. "தரவுகள் பகுப்பாய்வு செய்யப்பட்டுப் பெறுபேறுகள் கலந்துரையாடப்படும்" என்று முடிந்தால், வேலை இன்னும் முடியவில்லை என்றே மதிப்பீட்டாளர் எடுத்துக்கொள்வார். கன்னியா வெந்நீர்க் கிணறுகளை ஆராய்ந்ததாக வைத்துக்கொள்வோம். "கிணறுகளின் வெப்பநிலையில் வேறுபாடு காணப்பட்டது" என்பது பெறுபேறா? ஏழு கிணற்றிலும் அள்ளிக் குளித்த எவரும் அதைச் சொல்லிவிடுவார். எந்தெந்த மாதங்களில் அளந்தீர்கள், கிணறு ஒன்றுக்கு எத்தனை தடவை, ஆகக் கூடியதற்கும் ஆகக் குறைந்ததற்கும் இடையில் எத்தனை பாகை, மாரிமழைக்குப் பிறகு அது மாறியதா? இவற்றுக்கு எண்ணோடு விடை வரவேண்டும். வினாக்கொத்து ஆய்விலும் இதே கதைதான். மாதிரியின் அளவையும், அதை எப்படித் தெரிவு செய்தீர்கள் என்பதையும் சொல்லாமல் "பெரும்பாலானோர்" என்று எழுதுவதில் பொருளில்லை. பட்டினமும் சூழலும் பிரதேச செயலகப் பிரிவில் மட்டும் தரவெடுத்துவிட்டு, தலைப்பில் "திருகோணமலை மாவட்டத்தில்" என்று போடுவதை வெளியூர் மதிப்பீட்டாளர் கவனிக்காமல் விடலாம். மண்டபத்தில் அதே மாவட்டத்தின் வேறொரு பிரிவான கிண்ணியாவைச் சேர்ந்த ஒருவர் இருந்தால் விடமாட்டார்.

பக்க ஓரம், எழுத்தளவு, வரி இடைவெளி எல்லாம் மாநாட்டுக்கு மாநாடு மாறும். அவர்கள் தரும் மாதிரிக் கோப்பைத் தரவிறக்கி அதற்குள்ளேயே எழுதுங்கள். போன வருடக் கோப்பைத் திருத்தப் போகாதீர்கள். அட்டவணை, படம், மேற்கோள் குறிப்பு எதுவும் வேண்டாம், அவர்களே கேட்டாலொழிய. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பவர்கள் குப்பைமேனி என்பதோடு நிறுத்தாமல், அகாலிபா இண்டிகா என்ற தாவரவியல் பெயரையும் சாய்வெழுத்தில் தரவேண்டும். நோயாளர்களிடம் தரவெடுத்திருந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதி இலக்கத்தையும் கேட்பார்கள். அந்த அனுமதி தரவெடுக்குமுன் வாங்க வேண்டியது.

தமிழில் அனுப்புவோருக்குப் பாமினி என்ற பழைய எழுத்துரு ஒரு தனித் தலையிடி. கடைகளில் தட்டச்சுச் செய்து வாங்கும் கோப்பு இன்னும் பாமினியில்தான் வருகிறது. அதை இணையப் படிவத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறிமுறையான யுனிகோடுக்கு மாற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள், போதாது. மாற்றித் தரும் மென்பொருள் இடையிலுள்ள ஆங்கிலச் சொற்களையும் தமிழெழுத்தாக்கிவிடும். எஸ்பிஎஸ்எஸ் என்று புள்ளிவிபர மென்பொருளின் பெயரை ஆங்கிலத்தில் அடித்த இடத்தில் பொருளற்ற தமிழெழுத்துகள் உட்கார்ந்திருக்கும். ஒருமுறை முழுதாக வாசியுங்கள். சில படிவங்கள் சொல்லை விட்டு எழுத்தை எண்ணும். யுனிகோடில் குறில் நெடில் குறியும் புள்ளியும் தனித்தனியே கணக்காகும். "தமிழ்" நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து. இடம் தீர்ந்ததும் கடைசி வசனத்தைப் படிவம் வெட்டிவிட்டால், போவது பெரும்பாலும் உங்கள் முடிவுரைதான்.

ஆசிரியர் பெயரை மறைத்து மதிப்பிடும் மாநாடென்றால், தலைப்பின் கீழுள்ள பெயரை அழித்தால் மட்டும் போதாது. வேர்டில் ஃபைல், இன்ஃபோ என்று போய் இன்ஸ்பெக்ட் டொகியுமெண்ட்டை ஓடவிடுங்கள். கோப்பின் பண்புகளில் உங்கள் பெயர் ஒளிந்திருக்கும். பிடிஎஃப் ஆக்குவது அதற்குப் பிறகு. கோப்புக்கே சொந்தப் பெயரை வைத்து அனுப்புகிறவர்களை என்ன சொல்ல!

இறுதித் திகதியின் நள்ளிரவு யாருடைய நள்ளிரவு என்றும் பாருங்கள். ஏஓஈ, அதாவது பூமியில் எங்காவது அந்தத் திகதி மிஞ்சியிருக்கும் வரை, என்று போட்டிருந்தால் நமக்கு மறுநாள் மாலை 5.30 வரை அவகாசம். ஜப்பான் நேரமென்றால் அன்றிரவு 8.30க்கே கதவு மூடிவிடும். பல தளங்களில் சேமிப்பது வேறு, சமர்ப்பிப்பது வேறு. உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வந்ததா, ஸ்பாமுக்குள் கிடக்கிறதா என்று பார்க்காமல் கணினியை மூடாதீர்கள். தொடர்புக்கு வளாக மின்னஞ்சலைக் கொடுக்கும் இறுதியாண்டு மாணவர்கள், பட்டம் முடிந்தபின் அது இயங்குமா என்று யோசித்துக் கொடுங்கள். மேற்பார்வையாளரின் பெயரைச் சேர்ப்பதென்றால், இறுதிப் பிரதியை அவர் பார்த்துச் சரியென்ற பிறகுதான். ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வந்ததும் பதிவுக் கட்டணத்தின் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுதியவர்களில் ஒருவராவது பணம் கட்டிப் பதியாவிட்டால் தொகுப்பிலிருந்து சுருக்கத்தை எடுத்துவிடும் மாநாடுகள் பல.