கான்கிரீட் வணிகம் பெருகும்போது குடும்ப நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025ஆம் ஆண்டில் வழங்கப்படும் கட்டுமான ஒப்பந்தங்களின் மதிப்பு 47 முதல் 53 பில்லியன் வெள்ளி வரை இருக்கும் என்று சிங்கப்பூரின் கட்டட, கட்டுமான ஆணையம் அவ்வாண்டின் தொடக்கத்தில் முன்னுரைத்தது. சாங்கி விமான நிலையத்தின் ஐந்தாம் முனையம், குறுக்குத் தீவு ரயில் பாதை, வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புதிய வீடுகள் என்று எங்கும் வேலை நடக்கும் இத்தகைய காலத்தில், இரண்டு மூன்று மிக்சர் லாரிகளோடு தொழில் நடத்தும் குடும்பங்களுக்கும் வாடிக்கையாளர்கள் தாமாகவே வந்து சேர்வார்கள். வேலை குறைந்த காலத்தில் யாரும் எச்சரிக்கையாகத்தான் இருப்பார்கள். வேலை குவியும் காலத்தில் யோசிக்காமல் ஒப்புக்கொண்டவைதான் இரண்டு ஆண்டுகள் கழித்துக் கழுத்தை நெரிக்கின்றன.

முதன்மையான தவறு, விற்ற கன மீட்டரை வைத்து வளர்ச்சியை அளப்பது. சென்ற ஆண்டு மாதம் 1,500 கன மீட்டர், இந்த ஆண்டு 3,000 என்று தீபாவளி விருந்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். வங்கிக் கணக்கு வேறு கதை சொல்லும். கணக்குக்காக ஒரு கன மீட்டர் 120 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3,000 கன மீட்டர் என்றால் 3,60,000 வெள்ளிக்கு விலைப்பட்டியல் போகும். மாத முடிவில் பட்டியல் அனுப்பி, அதிலிருந்து 60 நாள் தவணை கொடுத்தால், முதல் தேதி ஊற்றிய கான்கிரீட்டுக்கான பணம் ஏறக்குறைய தொண்ணூறு நாள் கழித்துத்தான் கைக்கு வரும். அதாவது, எந்த நாளில் பார்த்தாலும் ஏழு லட்சம் வெள்ளிக்குக் குறையாத தொகை வெளியில் நிற்கும்; மாத முடிவில் அது பத்து லட்சத்தைத் தாண்டும். சிமெண்ட், மணல், கருங்கல் ஜல்லி தருபவர்கள் அவ்வளவு நாள் பொறுப்பதில்லை. டீசல் நிலையம் அறவே பொறுப்பதில்லை.

இதனோடு பொருள் சேவை வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024 ஜனவரி முதல் அது 9 விழுக்காடு. வாடிக்கையாளர் பணம் தந்தாரா இல்லையா என்பதைப் பாராமல், பட்டியல் போட்ட காலாண்டுக்கான வரியை, வாங்கிய பொருள்களுக்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொண்டு, அடுத்த ஒரு மாதத்துக்குள் செலுத்தியாக வேண்டும். வராத கடனுக்குச் செலுத்திய வரியைத் திரும்பக் கேட்க வழி உண்டு என்றாலும், பொதுவாக அதற்குப் பன்னிரண்டு மாதங்கள் காத்திருக்க வேண்டும். ஆகவே விற்பனை இரட்டிப்பாகும் மாதத்தில் கையிருப்பு பாதியாகக் குறைவதைக் கண்டு கணக்கர் தவறு செய்துவிட்டார் என்று நினைக்க வேண்டியதில்லை. இந்தத் தொழில் அப்படித்தான் இயங்குகிறது.

கடன் கெட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒரு முறையாவது தாளில் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு கன மீட்டருக்கு 4 வெள்ளி நிகர லாபம் நிற்கிறது என்று கொண்டால், 3,60,000 வெள்ளி பாக்கி வைத்து ஒரு குத்தகையாளர் கடையை மூடிவிட்டால், அந்த இழப்பை ஈடுகட்ட 90,000 கன மீட்டர் விற்றாக வேண்டும். ஒன்பது கன மீட்டர் ஏற்றும் லாரியில் அது பத்தாயிரம் நடை. மற்ற வணிகங்களில் விற்ற சரக்கைத் திரும்ப எடுத்துவரலாமா என்று பேசிப் பார்க்க முடியும். கான்கிரீட்டோ ஊற்றிய மறுநாளே கட்டடத்தின் தூணாகவோ தளமாகவோ மாறிவிடுகிறது. தருபவரின் கையில் எந்த ஈடும் மிஞ்சுவதில்லை.

இதற்குப் பாதுகாப்பாக இருக்கும் சட்டத்தைப் பயன்படுத்தாமல் இருப்பது அடுத்த தவறு. கட்டுமானத் துறையில் பணம் செலுத்தப்படுவதை உறுதிசெய்யும் சட்டம் 2005 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. கட்டுமானத்துக்குப் பொருள் வழங்குவோருக்கும் அது பொருந்தும். பொருள் வழங்கும் ஒப்பந்தத்தில் எவ்வளவு நீண்ட தவணை எழுதியிருந்தாலும், முறைப்படி பணக்கோரிக்கை கொடுத்த 60 நாளில் தொகை செலுத்தப்பட வேண்டியதாகிவிடும். தவணையே எழுதப்படாவிட்டால் 30 நாள். தராவிட்டால், தீர்ப்பாளரை நாடும் உரிமை எழுந்த ஏழு நாளுக்குள் சிங்கப்பூர் சமரச நிலையத்தின் வழியாக விண்ணப்பிக்கலாம். ‘அவரோடு இருபது வருடப் பழக்கம், வழக்கு என்று போனால் முகத்தில் எப்படி விழிப்பது’ என்று அப்பா தயங்குவார். மகள் ஏழு நாள் கெடு முடிந்த பிறகு வழக்கறிஞரைத் தேடுவார். இரண்டும் ஒரே வீட்டில் நடப்பதுதான் வேதனை. ஒவ்வொரு மாதமும், எல்லா வாடிக்கையாளருக்கும், ஒரே வடிவத்தில் முறையான பணக்கோரிக்கை போகுமானால் அது யார் மீதும் வைத்த சந்தேகமாகத் தோன்றாது. பகைமை முளைப்பது பெரும்பாலும் ஒருவருக்கு மட்டும் திடீரென்று அனுப்பும்போதுதான்.

விலையை நீண்ட காலத்துக்குப் பூட்டிக்கொடுப்பதும் வேலை ஆசையில் நேரும் தவறு. சிங்கப்பூரில் கான்கிரீட்டுக்கான மூலப்பொருள்களில் பெரும்பகுதி கடல் வழியாக வருகிறது. 2007 ஜனவரியில் இந்தோனீசியா நில மணல் ஏற்றுமதிக்குத் தடை அறிவித்தபோது, மணல் விலையோடு கான்கிரீட் விலையும் குறுகிய காலத்தில் இரண்டு மடங்கைத் தாண்டியது. அரசாங்கம் தன் சேமக் கையிருப்பிலிருந்து மணலை வெளியிட வேண்டியிருந்தது. மாறாத விலையில் கையெழுத்திட்டிருந்தவர்கள் ஒவ்வொரு லாரியிலும் இழப்பை ஏற்றி அனுப்பினார்கள். அந்த அனுபவம் தொழிலில் இருந்த மூத்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும், ஆனால் இன்று விலைப்புள்ளி எழுதுபவர்கள் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர்கள். ஆணையம் மாதந்தோறும் வெளியிடும் கட்டுமானப் பொருள் விலைகளோடு ஒப்பந்த விலையை இணைக்கும் ஒரு பத்தி போதும். காத்திருப்புக் கட்டணம், அரை லோடுக் கட்டணம், இரவுக் கட்டணம் ஆகியவற்றைப் பழக்கத்துக்காக விட்டுக்கொடுப்பதும் மெல்ல மெல்ல அந்த நான்கு வெள்ளியைத் தின்றுவிடும்.

பணத்தைப் பற்றிச் சொன்ன அளவுக்குத் தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நிறுவனம் பெரிதாகும்போது முதலில் தளர்வது அதுதான். பிற்பகல் வெயிலில் ஒரு லாரி கட்டுமானத் தளத்தின் வாசலில் முக்கால் மணி நேரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் அடைத்துக்கொண்டதோ, முன்னால் வந்த லாரி இன்னும் இறக்கவில்லையோ, காரணம் எதுவாகவும் இருக்கலாம். டிரம்மிலிருக்கும் கலவை இறுகத் தொடங்குகிறது. தளத்தின் மேற்பார்வையாளர் ‘கொஞ்சம் தண்ணி விடுப்பா’ என்கிறார். ஓட்டுநர் குழாயைத் திறக்கிறார். ஒரு கன மீட்டருக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் சேர்த்தால், கலவையின் இளக்கத்தைக் காட்டும் ஸ்லம்ப் அளவு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் கூடும், வலிமை ஒன்று முதல் ஒன்றரை மெகாபாஸ்கல் வரை குறையும் என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஒன்பது கன மீட்டருக்கு அது 45 லிட்டர்தான். ஆனால் குழாயைத் திறந்தவர் லிட்டர் கணக்குப் பார்ப்பதில்லை. நூறு லிட்டர் சர்வசாதாரணமாகப் போய்விடும்.

28ஆம் நாளில், கான்கிரீட் கட்டியை நசுக்கி வலிமை பார்க்கும் கியூப் பரிசோதனையின் முடிவு குறைவாக வரும்போது அந்த மேற்பார்வையாளர் வேறு தளத்துக்கு மாறியிருப்பார். ஊற்றிய கான்கிரீட்டைத் துளைத்து மாதிரி எடுக்கும் செலவும், தேவைப்பட்டால் உடைத்து மீண்டும் ஊற்றும் செலவும், பணம் தராமல் நிறுத்திவைக்கப்பட்ட பழைய விலைப்பட்டியல்களும் கான்கிரீட் தந்தவர் தலையில் விழும். மூன்று லாரிகள் இருந்தபோது எந்த ஓட்டுநர் எப்படிப்பட்டவர் என்று முதலாளிக்குத் தெரியும், அவர் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருபது லாரிகளாகும்போது அந்த வார்த்தை எட்டுவதில்லை. அந்த இடத்தை டெலிவரி ஆர்டர் சீட்டுதான் நிரப்ப வேண்டும். கலவை ஏற்றிய நேரம், தளத்தை அடைந்த நேரம், இறக்கத் தொடங்கிய நேரம், சேர்த்த தண்ணீரின் அளவு, சேர்க்கச் சொன்னவரின் பெயரும் கையெழுத்தும் அதில் இருந்தாக வேண்டும். கையெழுத்து இல்லாமல் குழாயைத் திறக்காத ஓட்டுநரை வாடிக்கையாளர் திட்டினால், நிறுவனம் ஓட்டுநரின் பக்கம் நிற்க வேண்டும். இதில் ஒரு முறை சறுக்கினால் விதி போயிற்று. டிரம் கழுவிய நீர் மழைநீர்க் கால்வாயில் போய்விடாமல் பார்ப்பதும் இதே ஒழுங்கைச் சேர்ந்ததுதான். கால்வாயில் விடும் நீரில் கலந்திருக்கும் திடத்துகள் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

ஆள் விஷயத்தில் நம் குடும்பங்களுக்கு ஒரு தனி மயக்கம் உண்டு: ஊரில் லாரி ஓட்டும் உறவினர் பலர் இருக்கிறார்கள், கொண்டுவந்துவிடலாம் என்று. 2025 செப்டம்பர் 1 முதல் கனரக வாகன ஓட்டுநர் வேலைக்கு இந்தியா போன்ற நாடுகளிலிருந்தும் வேலை அனுமதிச் சீட்டில் ஆள் எடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளியாக இருக்க வேண்டும். இத்தகைய வேலைகளுக்கென அரசாங்கம் வைத்திருக்கும் பட்டியலின் கீழ் எடுக்கப்படுபவர்கள் நிறுவனத்தின் மொத்த ஊழியரணியில் 8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஐம்பது பேர் உள்ள நிறுவனத்துக்கு அது நான்கு பேர். இதை நம்பிப் பத்து லாரிகளுக்கு வாகன உரிமைச் சான்றிதழ் எடுத்து, நிறுத்துமிடத்துக்கும் வாடகை கட்டி, ஓட்ட ஆளில்லாமல் நிறுத்திவைப்பதைவிட, சொந்த லாரி வைத்திருப்பவர்களை நடைக் கணக்கில் அமர்த்திக்கொள்வது எவ்வளவோ மேல்.

நிலத்தைப் பற்றிச் சுருக்கமாக: கான்கிரீட் கலக்கும் ஆலையான பேட்சிங் பிளாண்டைப் பெரிதாக்கும் முன் குத்தகையில் எத்தனை ஆண்டுகள் மிச்சம் என்று பாருங்கள். சுங்கை காடுட் போன்ற பழைய தொழிற்பேட்டைகள் மறுமேம்பாட்டுக்கு உள்ளாகின்றன. ஆறு ஆண்டு மீதமுள்ள மனையில் பன்னிரண்டு ஆண்டுக் கடனில் சிமெண்ட் சேமிக்கும் புதிய சைலோ நிறுத்துவதற்கு எந்த நியாயமும் இல்லை.

கடைசியாகக் குடும்பம். எல்லாப் பங்குகளும் அப்பாவின் பெயரில் இருந்து, உயில் இல்லாமல் அவர் காலமானால், முஸ்லிம் அல்லாத குடும்பங்களில் பாதி மனைவிக்கும் மீதி பிள்ளைகளுக்குச் சம பங்காகவும் போகும். பதினைந்து ஆண்டுகள் விடியற்காலையில் பிளாண்டுக்கு ஓடியவரும், வேறு நாட்டில் வேலை பார்ப்பவரும் ஒரே அளவு பங்குதாரர்கள் ஆவார்கள். அதுவே குடும்பத்தின் விருப்பமாக இருக்கலாம். அப்படியானால் அதை எழுதிவைப்பதில் தயக்கம் எதற்கு? பங்குதாரர் உடன்படிக்கையில் விலக விரும்புபவரின் பங்கை யார், எந்த மதிப்பீட்டில், எத்தனை ஆண்டுத் தவணையில் வாங்குவது என்பது இருக்க வேண்டும். வங்கிக் கடனுக்குச் சொந்தப் பிணை கொடுத்தவர் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ஏனென்றால் பங்கை விற்றுவிட்டு விலகினாலும் பிணை தானாக விலகாது.

இறப்பைவிடக் குடும்பங்கள் குறைவாக யோசிப்பது நோயை. ஒரே இயக்குநராகவும் வங்கியில் ஒரே கையெழுத்தாகவும் இருப்பவர் பக்கவாதத்தில் விழுந்தால் என்ன செய்வது? மனத்திறன் இழந்தால் தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் நீடித்த செயலுரிமைப் பத்திரம் எழுதியிருக்கிறோமே என்று பலர் ஆறுதல் கொள்கிறார்கள். அது அவருடைய சொந்த நலனுக்கும் சொத்துகளுக்குமானது; நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பு அதன் வழியாகப் பிள்ளையின் கைக்கு வந்துவிடாது. சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் ஓட்டுநர்களுக்குச் சம்பளம் போய்ச் சேர வேண்டும் என்ற சட்டம் மருத்துவமனைச் செய்திக்காகக் காத்திருக்காது. இரண்டாவது இயக்குநரை நியமித்து, அவருடைய கையெழுத்தையும் வங்கியில் பதிவு செய்ய ஒரு தீர்மானமும் சில படிவங்களும் போதும். அதை அப்பா நலமாக இருக்கும் இந்த மாதத்திலேயே செய்துவிடலாம்.