ரிஃபாம்பிசின் நோயாகிப்போன கதை: ஆன்டாலஜியிலிருந்து மெனுவைப் பிரிப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்குழுவின் தரவில் ஒருநாள், "காசநோயில் என்னென்ன வகைகள்?" என்று ஒரு வினவலை ஓட்டினேன். நுரையீரல் காசநோய் வந்தது. நிணநீர் முடிச்சுக் காசநோய் வந்தது. அப்புறம் ரிஃபாம்பிசின், சளிப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே என்று வரிசையாக வந்தன. மாத்திரையை நோயாக்கிய அந்த ஆன்டாலஜியை (எது எதன் வகை, எதற்கு எதோடு என்ன உறவு என்று கணினிக்குச் சொல்லும் கோப்பை) எழுதியது நானேதான். பழி போட ஆள் கிடைக்கவில்லை.

நடந்தது இதுதான். திரையில் "காசநோய்" என்று தட்டினால் நோயறிதல், பரிசோதனை, மருந்து மூன்றும் கீழே விரிய வேண்டும் என்று கிளினிக் சிஸ்டர்கள் கேட்டார்கள். நியாயமான ஆசை. நான் அந்த மெனுவை அப்படியே சப்கிளாஸ் (உள்வகை) மரமாக எழுதிவிட்டேன். சப்கிளாஸ் என்று எழுதினால் "இவை ஒவ்வொன்றும் அதுவே" என்று சத்தியம் செய்ததாக அர்த்தம். நான் அதை "இதன் கீழே காட்டு" என்று படித்துக்கொண்டேன்.

புரொடெஜே (ஆன்டாலஜி எழுதும் மென்பொருள்) நிறுவுவது, கிளாஸ் (வகை) சேர்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக வேலைக்கு வருகிறேன்.

1. எது அலமாரி என்று பாருங்கள்

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் என் பெரியம்மா மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஆடி வந்தால் வாசலருகே ஒரு தனி அலமாரி முளைக்கும். கூழுக்கு மாவு, மஞ்சள், தேங்காய், கற்பூரம், எல்லாம் மாரியம்மன் கூழ் பூஜைக்கு. (இங்கே பலருக்கு அது "போரிட்ஜ் பிரேயர்ஸ்" என்றால்தான் புரியும்.) ஆடி முடிந்ததும் அலமாரியைக் கலைத்துவிடுவார். மஞ்சள் மசாலா வரிசைக்குத் திரும்பிப் போகும். அது மஞ்சளாக இருப்பதில் ஒரு குறையும் வராது.

உங்கள் கிளாஸ்களையும் இப்படியே கலைத்துப் பாருங்கள். "தொற்றுநோய்" என்ற தலைப்பை எடுத்துவிட்டால் காசநோயைப் பற்றிய ஓர் உண்மை காணாமல் போகிறது. "காசநோய் கிளினிக் பொருள்கள்" என்பதை எடுத்துவிட்டால் சிஸ்டருக்குத் தேடக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். பெயரில் "மற்றவை", "தொடர்பானவை", "அடிக்கடி தேவைப்படுபவை" என்று இருந்தால் பெரும்பாலும் அலமாரிதான்.

ஸ்னோமெட் சி.டி. போன்ற பெரிய மருத்துவச் சொல் தொகுப்புக்கும் இந்தத் தொல்லை உண்டு. அங்கே வழிகாட்டித் தலைப்புகளுக்கென்று ஒரு தனிக் கிளையே இருக்கிறது, எண் 363743006. நோய்களின் கிளையோடு அதைக் கலக்கவில்லை.

2. ரீசனரைப் பேச வையுங்கள்

நான் இரண்டு நாள் தொலைத்தது இங்கேதான்.

ஹெர்மிட் என்ற ரீசனரை (எழுதியதிலிருந்து முடிவுகளை எடுத்து, முரண் இருந்தால் சிவப்பாகக் காட்டும் நிரலை) ஓட்டினேன். எங்கும் சிவப்பு இல்லை. சிவப்பு இல்லையென்றால் எல்லாம் சரி என்று நம்பினேன். ஆனால் ரீசனர் நாம் சொல்லாததைப் பொய்யென்று எடுத்துக்கொள்ளாது. மருந்து நோயாக இருக்க முடியாது என்று அதற்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. ஆகவே ரிஃபாம்பிசின் மருந்தாகவும் இருக்கட்டும், காசநோயாகவும் இருக்கட்டும் என்று அது பேசாமல் இருந்துவிட்டது.

"நோய்", "மருந்துப் பொருள்", "பரிசோதனை" என்ற மூன்று உச்சி கிளாஸ்களையும் ஒன்றுக்கொன்று டிஸ்ஜாயின்ட் (ஒன்றில் இருப்பது மற்றதில் இருக்க முடியாது) என்று அறிவியுங்கள். பிறகு ரீசனர் மெனுவில் சிங்க்ரனைஸ் கொடுங்கள். (இதை மறந்துவிட்டு பழைய விடையையே முறைத்துக்கொண்டிருந்த நேரமும் அந்த இரண்டு நாளில் சேர்த்தி.) எனக்கு ரிஃபாம்பிசின் உடனே சிவப்பாகி நத்திங் என்ற வெற்று கிளாஸின் கீழே போய் விழுந்தது. பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தினால் எந்தெந்த வரிகள் மோதுகின்றன என்று காட்டும்.

சின்ன கோப்புக்கு ஹெர்மிட் போதும், புரொடெஜேயோடேயே வருகிறது. ஆயிரக்கணக்கான கிளாஸ்கள் என்றால் எல்க் என்ற ரீசனர் பல மடங்கு வேகம். ஆனால் அதற்கு ஆன்டாலஜி எழுதும் மொழியான ஓ.டபிள்யூ.எல்.-இன் ஒரு பகுதிதான் புரியும்.

3. அலமாரியை வேறு இடத்தில் வையுங்கள்

எளிய வழி, சப்செட் குறிப்பு. மரபணுக்களின் வேலைகளை வகைப்படுத்தும் ஜீன் ஆன்டாலஜியில் "ஸ்லிம்" என்ற சுருக்கப் பட்டியல்களை இப்படித்தான் செய்கிறார்கள். ஒவ்வொரு கிளாஸிலும் "இது இந்தப் பட்டியலில் உண்டு" என்று ஒரு குறிப்பு, மரத்தில் கை வைப்பதே இல்லை. வரிசையும் முக்கியமென்றால் ஸ்காஸ் என்ற சொற்பட்டியல் தரநிலையில் ஆர்டர்டு கலெக்ஷன் (வரிசைப்படுத்திய தொகுப்பு) இருக்கிறது. எங்கள் சிஸ்டர்களுக்குச் சளிப் பரிசோதனை முதலில் வர வேண்டும், ஆகவே நான் அதைத் தனிக் கோப்பாக வைத்திருக்கிறேன். மெனு மாறினால் அந்தக் கோப்பு மட்டும் மாறும்.

4. பழைய தலைப்பை அழிக்காதீர்கள்

நான் டெலீட் அழுத்தினேன். அதன் கீழே மட்டும் இருந்ததெல்லாம் அநாதையாகி உச்சிக்குப் போய் நின்றது. முதலில் ஒவ்வொன்றையும் சரியான மேல்கிளாஸுக்கு மாற்றுங்கள். பிறகு தலைப்பை டெப்ரிகேட்டட் (இனி பயன்படுத்த வேண்டாம்) என்று குறியுங்கள். அடையாள எண் அப்படியே இருக்கட்டும், பழைய பதிவுகள் அதைச் சுட்டிக்கொண்டிருக்கும்.

5. எல்லாத் தொகுப்பும் அலமாரி இல்லை

"நுரையீரல் நோய்" என்பதையும் ஆவேசத்தில் கலைத்துவிடாதீர்கள். "நுரையீரலில் இடங்கொண்ட நோய்" என்று அதற்குத் தர்க்க வரையறை கொடுக்கலாம். நுரையீரல் காசநோயைத் தொற்றுநோயின் கீழே மட்டும் கையால் வைத்து, அதன் இடம் நுரையீரல் என்று எழுதிவிட்டால், நுரையீரல் நோய்களோடு சேர்ப்பதை ரீசனர் பார்த்துக்கொள்ளும்.

"காசநோய் மருந்து" இன்னொரு ரகம். ரிஃபாம்பிசினைத் தொழுநோய்க்கும் கொடுக்கிறார்கள். ஆகவே அது பொருளின் இனம் ஆகாது, பொருள் ஏற்கும் பங்கு. சேபி என்ற வேதிப்பொருள் ஆன்டாலஜியில் வேதிப்பொருள் ஒரு கிளை, பங்கு வேறு கிளை, நடுவில் ஒரு உறவு. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

பின்சேர்க்கை: டிஸ்ஜாயின்ட் போட்டும் எக்ஸ்ரே சிவப்பாகவில்லையே என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். என் கோப்பைத் திறந்தால் அதே கதை! எக்ஸ்ரேயைப் "பரிசோதனை"யின் கீழே நான் வைக்கவே இல்லை. காசநோய் மட்டுமே மேல்கிளாஸ். மோதுவதற்கு இரண்டு பேர் வேண்டாமா? உண்மையான மேல்கிளாஸை முதலில் கொடுத்துவிட்டு ரீசனரை ஓட்டுங்கள்.

இன்னொன்று: நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐ.சி.டி.-10-இன் மரத்தையே சப்கிளாஸாக இறக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். காசநோய் ஏ15 முதல் ஏ19 வரை இருக்கிறது. ஹெச்.ஐ.வி.யால் வந்தால் பி20.0, கர்ப்பத்தில் ஓ98.0, தூசியால் வரும் நுரையீரல் நோயோடு சேர்ந்தால் ஜே65. ஒரு நோயாளியை ஒருமுறை மட்டும் எண்ணுவதற்கான அறைகள் அவை. அந்தக் குறியீடுகளை நான் குறுக்குக் குறிப்பாக மட்டும் ஒட்டிவைக்கிறேன். ஜே65தான் இன்னும் இடிக்கிறது. தங்கச் சுரங்கத்தில் உழைத்தவர்களிடம் சிலிக்கா தூசியால் வரும் சிலிக்கோசிஸும் காசநோயும் சேர்ந்து வருவது இந்த நாட்டின் பழைய துயரம். அது ஒரு நோயா, ஒரே ஆளிடம் இரண்டு நோயா? இப்போதைக்கு இரண்டாகத்தான் பதிகிறேன்.