‘ஸ்டாப்’ கொடுத்தால் எல்லாம் நின்றுவிடுமா? சிஸ்டம்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸில் சர்வீஸ்களை (பின்னணியில் ஓடும் புரோகிராம்களை) தொடங்கி நிறுத்துவது சிஸ்டம்டி. அதற்காகப் புதியவர்கள் எழுதும் யூனிட் ஃபைல்களை (அமைப்புக் கோப்புகளை) சரிபார்ப்பது என் வேலைகளில் ஒன்று. நான் தொடக்கத்தில் செய்த கோளாறுகளே ஆள் மாறி மாறி வந்துகொண்டிருக்கின்றன. எழுத்துப்பிழை, மாற்றிய ஃபைலை மறுபடி படிக்க வைக்கும் டீமன்-ரீலோடை மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றைச் சிஸ்டம்டியே சொல்லிவிடும்.

காரணமில்லாமல் கில்மோடைத் தொடுவது

ஒவ்வொரு சர்வீஸையும் சிஸ்டம்டி தனி சிகுரூப்பில் (கர்னல் கண்காணிக்கும் பிராசஸ் கூட்டத்தில்) வைக்கிறது. ஸ்டாப் என்றதும், எக்ஸெக்ஸ்டாப் (நிறுத்துவதற்காக நீங்கள் எழுதிய கட்டளை) இருந்தால் முதலில் அதை ஓட்டும். பிறகு குரூப்பில் மிச்சமுள்ள எல்லாப் பிராசஸுக்கும் சிக்டெர்ம் (முடித்துக்கொள் என்ற சிக்னல்) அனுப்பும். வேறு கெடு தராவிட்டால் 90 விநாடி பொறுக்கும்; அதற்குள் போகாதவற்றுக்குச் சிக்கில் (உடனே கொல்லும் சிக்னல்). டெர்மினலிலிருந்து பிரித்து ஓட்டும் நோஹப், செட்சிட் எதைப் போட்டாலும் குரூப்பிலிருந்து தப்ப முடியாது. ஸ்டாப்பில் எந்தப் பிராசஸ்களை நிறுத்துவது என்று சொல்வது கில்மோட்; கன்ட்ரோல்-குரூப் என்ற அதன் இயல்பு மதிப்பின் வேலை இதுதான்.

என்றோ ஒரு வொர்க்கர் (தலைமைப் பிராசஸ் வேலைக்காகத் தொடங்கிய பிள்ளைப் பிராசஸ்) பாதி வேலையில் செத்திருக்கும். உடனே கில்மோட்=பிராசஸ் என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுகிறார்கள். தலைமைப் பிராசஸை மட்டும் நிறுத்து, பிள்ளைகள் எக்கேடு கெட்டாலும் சரி என்பதுதான் அந்த வரியின் பொருள்.

ஒரு நிறுவனத்தில் பில் தயாரிக்கும் சர்வீஸில் இந்த வரி இருந்தது. அரசின் வரி விகிதம் மாறிய அன்று புதிய புரோகிராமை ஏற்றி ரீஸ்டார்ட் கொடுத்தார்கள். ஸ்டேட்டஸ் பச்சை. ஆனால் ஒரு பில் புது விகிதத்தில் வந்தது, அடுத்தது பழைய விகிதத்தில். டேட்டாபேஸைச் சந்தேகித்தார்கள், கேஷைக் காலி செய்தார்கள். ஸ்டேட்டஸுக்குக் கீழே தெரியும் பிராசஸ் மரத்தை ஒருவரும் பார்க்கவில்லை. பிராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையில் தொடக்க நேரத்தைப் பார்த்திருந்தால், வொர்க்கர்களில் பாதி போன வாரத்தவை என்று தெரிந்திருக்கும். சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலில் எச்சரிக்கையும் விழுந்திருந்தது! கில்மோட் வரியை எழுதியவர் ஒருவர்; வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கியது அக்கவுண்ட்ஸ் பிரிவு.

வொர்க்கர் வேலையை முடித்துப் போக வேண்டுமென்றால் கில்மோட்=மிக்ஸ்ட் இருக்கிறது. சிக்டெர்ம் தலைமைக்கு மட்டும் போகும்; பிள்ளைகளை முறையாக அனுப்பிவைப்பது அதன் பொறுப்பு. தலைமை வெளியேறிய பிறகும் எவையாவது தங்கினால் சிக்கில்தான். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் ஆவணம் மிக்ஸ்டுடன் கில்சிக்னல்=சிக்இன்ட் (சிக்டெர்முக்குப் பதில் சிக்இன்ட் அனுப்பு) என்றும் எழுதச் சொல்கிறது. சிக்டெர்ம் பெற்றால் போஸ்ட்கிரஸ் இணைப்பில் உள்ளவர்கள் தாமாகப் போகும்வரை காத்திருக்கும்; சிக்இன்ட் என்றால் அவர்களை வெளியேற்றிவிட்டு ஒழுங்காக மூடும்.

டெபியன் லினக்ஸ், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சர்வருக்குப் பிராசஸ் மதிப்பைத்தான் வைத்திருக்கிறது. சர்வரை ரீஸ்டார்ட் செய்யும்போது உள்ளே இருப்பவரின் இணைப்பு அறுந்துவிடக் கூடாது. அங்கே காரணம் இருக்கிறது.

கில்மோட்=நன்

எந்தப் பிராசஸையும் கொல்லாதே என்று பொருள். வேண்டாம். 246ஆம் பதிப்பிலிருந்து சிஸ்டம்டியே எச்சரிக்கிறது.

அவசரக்கார எக்ஸெக்ஸ்டாப்

நிற்கச் சொல்லிவிட்டு, நிற்கும்வரை காத்திராமல் கட்டளை திரும்பினால், அடுத்த கணமே சிக்டெர்ம் போய்விடும். நிதானமாக மூட நீங்கள் எழுதிய ஏற்பாடு வீண்.

கெடுவை 5 விநாடியாக்குவது

ரீபூட் தாமதமாகிறது என்று குறைக்கிறார்கள். எது நிற்க மறுக்கிறது என்று பாருங்கள். டி நிலையில் (குறுக்கிட முடியாத காத்திருப்பில்) டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் பிராசஸைச் சிக்கில்கூட அசைக்காது.

ஜாவாவின் 143

ஸ்டாப் கொடுத்ததும் ஜாவா தரும் இந்த வெளியேற்ற எண் கோளாறு அல்ல; 128 கூட்டல் சிக்டெர்மின் எண்ணான 15. சிஸ்டம்டி அதைத் தோல்வியாக எண்ணாதிருக்க சக்சஸ்எக்ஸிட்ஸ்டேட்டஸ்=143 என்று எழுதுங்கள்.

கில் -9

இது கையால் சிக்கில் அனுப்புவது. ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெய்லியர் (தோல்வி என்றால் மறுபடி தொடங்கு) இருந்தால் சர்வீஸ் மறுபடி எழுந்து வரும். ஸ்டாப் கொடுங்கள்.