பழைய டிஎஸ்எல்ஆர் வாங்கப் போகிறீர்களா? ஒரு டார்ச் எடுத்துப் போங்கள்

நான் முதலில் வாங்கிய 50 எம்எம் லென்ஸைக் கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தபோது பளபளவென்றுதான் இருந்தது. "புதுசு மாதிரி சார்" என்றார் விற்றவர். வீட்டுக்கு வந்து ஜன்னல் வெயிலில் பிடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை போல மெல்லிய வெள்ளை இழைகள். பூஞ்சை. அந்த லென்ஸ் இன்றைக்கும் என் மேஜையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. அதன் விலைக்கு நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கு இலவசமாகத் தருகிறேன்.

பழைய டிஎஸ்எல்ஆரை, அதாவது உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றும் கேமராவை, ஏன் வாங்கச் சொல்கிறேன்? 2020க்குப் பிறகு கேனானும் நிக்கானும் புதிய டிஎஸ்எல்ஆர் மாடல் எதையும் கொண்டுவரவில்லை. இரண்டுமே அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா பக்கம் போய்விட்டன. கல்யாண போட்டோகிராபர்களும் அதே பக்கம் நகர்ந்து, பழைய பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), லென்ஸ் எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறார்கள். கற்றுக்கொள்ள வருகிறவருக்கு இது நல்ல காலம். ஆனால் ரீல்ஸ், வீடியோதான் உங்கள் முக்கிய வேலை என்றால் இதை இங்கேயே மூடிவிட்டு மிரர்லெஸ் பாருங்கள். டிஎஸ்எல்ஆர் அதற்கு வசதிப்படாது.

படி 1: யாரிடம் லென்ஸ் இரவல் கிடைக்கும்?

கேனானா நிக்கானா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். படத்தைப் பார்த்து எது எதில் எடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் சித்தப்பாவிடமோ நண்பரிடமோ எந்தக் கம்பெனி லென்ஸ் இருக்கிறதோ, அதே கம்பெனி பாடியை வாங்குங்கள்.

கேனானில் குழப்பம் குறைவு. 1987இல் வந்த இஎஃப் லென்ஸைக்கூட இன்றைய கேனான் டிஎஸ்எல்ஆரில் மாட்டலாம், ஆட்டோ ஃபோக்கஸும் ஓடும். நிக்கானில்தான் ஒரு பொறி இருக்கிறது. டி3500, டி5600 போன்ற ஆரம்ப நிலைப் பாடிகளுக்குள் ஃபோக்கஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று தனக்குள்ளும் மோட்டார் இல்லாத 50 எம்எம் எஃப் 1.8டி லென்ஸை வாங்கி மாட்டினால், ஒவ்வொரு படத்துக்கும் கையால்தான் ஃபோக்கஸ் திருப்ப வேண்டும். லென்ஸின் மேல் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், அவற்றில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும். டி90, டி7200 பாடிகளில் மோட்டார் உண்டு. அதிலும் ஒரு சிக்கல்: டி90இல் ஏஎஃப்-பி லென்ஸ் வேலை செய்யாது.

படி 2: பாடி

மெகாபிக்சலை விடுங்கள். 24 மெகாபிக்சல் என்றால் 6000 × 4000 புள்ளிகள். ஏ4 அளவில் நேர்த்தியான பிரின்ட் போட 9 மெகாபிக்சலே போதும்.

என் சிபாரிசு: சின்னதாக, திருப்பிப் பார்க்கும் ஸ்கிரீனோடு வேண்டுமென்றால் கேனான் 200டி. எடை குறைவாக, பேட்டரி நீண்ட நேரம் நிற்க வேண்டுமென்றால் நிக்கான் டி3500. ஒரு சார்ஜில் 1,550 படம் என்பது நிக்கான் தரும் கணக்கு. கொஞ்சம் கனமானாலும் பரவாயில்லை என்பவருக்கு டி7200. கேனான் 3000டியை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை. லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரைப் பார்வைக்கு ஏற்பத் திருத்தும் சின்னச் சக்கரமும் இல்லை. மூக்குக்கண்ணாடி போடுகிறவருக்கு இது பெரிய தொல்லை.

படி 3: கையில் வாங்கிப் பார்க்கும்போது

இங்கேதான் அவசரப்படக் கூடாது. பகலில் போங்கள். டார்ச், ஒரு காலி மெமரி கார்டு, முடிந்தால் லேப்டாப். விற்பவர் முகம் சுளித்தாலும் அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் லென்ஸ். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். இரண்டு மூன்று தூசிப் புள்ளிகள் இருந்தால் கவலை இல்லை, படத்தில் தெரியாது. வலை மாதிரி, பஞ்சு மாதிரி, கிளை விட்ட வேர் மாதிரி எது தெரிந்தாலும் வேண்டாம். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் பீரோவுக்குள் கிடந்த லென்ஸ் என்றால் இரண்டு தடவை பாருங்கள். பிறகு ஜூம் வளையத்தைத் திருப்புங்கள். மணல் அரைபடுவது போல இருக்கக் கூடாது.

அடுத்து சென்சார், அதாவது படம் பதியும் தகடு. மோட் டயலை கேனானில் ஏவி, நிக்கானில் ஏ என்று வைத்து, ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரைச் சிறிதாக்கி எஃப் 22க்குக் கொண்டுபோய், வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஃபோக்கஸ் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் தூசி கறுப்புப் புள்ளியாகத் தெரியும். தூசியைத் துடைத்துவிடலாம், அதைச் சொல்லி விலையைக் குறைக்கவும் செய்யலாம். கோடாக, கீறலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வியூஃபைண்டரில் தெரிகிற தூசியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது படத்தில் விழாது.

மூன்றாவது சோதனையைப் பலர் செய்வதே இல்லை. ஒரு செய்தித்தாளைச் சாய்வாக வைத்து, ஒரு வரியின் மேல் வியூஃபைண்டர் வழியாக ஃபோக்கஸ் செய்து எடுங்கள். அதே வரியை லைவ் வியூவில், ஸ்கிரீன் வழியாக எடுங்கள். இரண்டாவது கூர்மையாகவும் முதலாவது மங்கலாகவும் இருந்தால் ஃபோக்கஸ் தள்ளிப் போகிறது என்று அர்த்தம். வியூஃபைண்டரில் பார்க்கும்போது ஃபோக்கஸ் செய்வது கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடிக்குக் கீழே உள்ள தனி சென்சார். அது லேசாக விலகினாலும் எல்லாப் படமும் கெடும். டி7200இல் இதை மெனுவிலேயே திருத்தலாம். 200டி, டி3500 இரண்டிலும் அந்த வசதி இல்லை, சர்வீஸுக்குத்தான் போக வேண்டும்.

பிறகு ஷட்டர் கவுன்ட், கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்தது என்ற எண்ணிக்கை. வண்டிக்குக் கிலோமீட்டர் மாதிரி. நிக்கானில் எடுத்த ஜேபெக் படத்துக்குள்ளேயே இந்த எண் பதிவாகியிருக்கும், லேப்டாப்பில் படத்தின் விவரங்களைக் காட்டும் மென்பொருளில் பார்க்கலாம். கேனானின் பெரும்பாலான மாடல்களில் படத்தில் இருக்காது, கேமராவை வயரில் இணைத்துத்தான் எடுக்க வேண்டும். டி7200இன் ஷட்டரை 1,50,000 தடவைக்குச் சோதித்ததாக நிக்கான் சொல்கிறது. ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம் எடுப்பவருக்கு அது ஐம்பதே கல்யாணம். "வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான்" என்று சொல்பவரிடம் கவுன்ட் 90,000 காட்டினால், அவர் வீட்டில் கல்யாணம் அதிகம் போல.

பொத்தான்கள், பிளாஷ், பேட்டரி மூடி ஆகியவற்றை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

படி 4: பணம் கொடுக்கும் முன்

பாடியில் இருக்கும் சீரியல் நம்பரும் பில்லில், பெட்டியில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். பில்லே இல்லை என்றால் திருட்டுக் கேமராவாகவும் இருக்கலாம். விற்பவரிடம் ஒரு தாளில் சீரியல் நம்பரோடு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மிச்சம் பிடித்த பணத்தில் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்கள், அதையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு.

படி 5: வீட்டில் எங்கே வைப்பது?

கேமரா பைக்குள் வைத்து மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள். பூஞ்சைக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. பாத்திரக் கடையில் கிடைக்கும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதற்குள் நிறம் மாறும் சிலிக்கா ஜெல். அரிசியைப் போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள், அதன் மாவு லென்ஸில் போய் ஒட்டும். நீல ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது, சூடாக்கினால் மறுபடி நீலமாகும். அதற்கென்று ஒரு பழைய வாணலியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நீல ஜெல்லில் இருப்பது கோபால்ட், சமையல் பாத்திரத்தில் படக் கூடாது. நான் தோசைக்கல்லில் போட்டதற்கு வீட்டில் இரண்டு நாள் தோசை கிடையாது.