அட்டாலியிலிருந்து இறக்கியதும் செய்யக்கூடாதவை

நம் கொங்குப் பக்கம் மாரியம்மன் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) எல்லோரும் ஊருக்கு வந்து சேர்ந்ததும் யாராவது ஒருவர் அட்டாலியில் (பரணில்) ஏறி எதையாவது இறக்கிக்கொண்டு வருவார். பித்தளை அண்டா, தானியம் அளந்த வள்ளம், சட்டம் போட்ட பழைய போட்டோ, அப்பாரு (தாத்தா) கட்டியிருந்த கைக்கடிகாரம், இப்படி ஏதோ ஒன்று. அரை மணி நேரத்தில் அதைப் பளபளவென்று விளக்கி, போட்டோ எடுத்து, "இது நூறு வருசத்துக்கு மேல பழசு" என்று ஒரு வரி போட்டு ஒறம்பரை (சொந்தபந்தம்) அத்தனை பேருக்கும் அனுப்பிவிடுவோம். காட்ட வேண்டும் என்கிற ஆசை நல்ல ஆசை, எனக்கும் உண்டு. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் நாம் தொலைப்பது கொஞ்சமில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த விளக்குவதை நிறுத்துங்கள். ஆத்தாவின், அதாவது அப்பாவைப் பெற்றவரின், அம்மா வீட்டிலிருந்து வந்த ஒரு சொம்பு எங்களிடம் இருந்தது. கறுத்துப்போய் இருக்கிறதே என்று பாத்திரக் கடையில் கொடுத்து மெஷின் பாலிஷ் போட்டு வாங்கினேன். தங்கம் மாதிரி வந்தது. கழுத்துக்குக் கீழே புள்ளிப் புள்ளியாக வெட்டியிருந்த பெயரில் கடைசி 'ள்' மட்டும்தான் மிச்சம். எங்கள் பக்கத்துப் பழைய பெண் பெயர்களில் பாதி 'ள்' என்றுதான் முடியும், அந்த ஓரெழுத்தை வைத்து அது யாருடைய சொம்பு என்று இனி யாராலும் சொல்ல முடியாது. புளி போட்டுத் தேய்ப்பதும் இதையேதான் மெதுவாகச் செய்கிறது. எழுத்து தெரியவில்லை என்றால் இருட்டறையில் வைத்து, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து வரும். அப்படியே ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். காசுகளைத் தேய்க்கவே கூடாது, மேலே படிந்த நிறம் போய்விட்டால் சேகரிப்பவர்களிடமும் அதற்கு மதிப்பில்லை.

பெயர் படிக்க வந்துவிட்டாலும் அவசரப்படக்கூடாது. கல்யாணத்துக்கும் சீருக்கும் கொடுத்த பாத்திரங்களில் பெரும்பாலும் கொடுத்தவர் பெயரைத்தான் வெட்டுவார்கள், வைத்துப் புழங்கியவர் பெயர் இருக்காது. எங்கள் வீட்டுப் பெரிய அண்டாவில் ஓர் ஆண் பெயரும் 'பிலவ வருஷம் தை மாசம்' என்றும் இருக்கிறது. தமிழ் வருடங்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். பிலவ என்றால் 1901-02 ஆகவும் இருக்கலாம், 1961-62 ஆகவும் இருக்கலாம், கடைசியாக 2021-22இலும் வந்து போனது. வீட்டில் ஒருவர் 1902 என்று பிடித்துக்கொண்டார், 120 வருடம் என்று சொல்ல நன்றாக இருக்கிறதே. ஆத்தாவிடம் கேட்டபோதுதான் அந்தப் பெயர் அவருடைய தாய்மாமன் பெயர், 1902இல் அந்த மாமன் பிறக்கவே இல்லை என்று தெரிந்தது. தை மாதம் ஆத்தாவுக்குக் கல்யாணம், மாமன் சீராக வந்த அண்டா. அப்படியானால் 1962.

வயதைக் கூட்டிச் சொல்வதுதான் நம்மிடம் அதிகமாக இருக்கிற பழக்கம் என்று நினைக்கிறேன். யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை, பாசம்தான் வருடத்தைக் கூட்டுகிறது. ஆனாலும் பொருளிலேயே சாட்சி இருக்கும், பார்க்கத் தெரிந்தால் போதும். நடுவில் ஓட்டை போட்ட காலணாவை முதல் உலகப் போர்க் காலத்துக் காசு என்று காட்டுவார்கள், அது 1943 முதல் 1947 வரை அடித்தது. 'நயா பைசா' என்று இருந்தால் அது 1957 முதல் 1964க்குள். பாத்திரத்திலோ போட்டோச் சட்டத்திலோ 'னை', 'லை' எழுத்துகள் யானைத் தும்பிக்கை போல வளைந்திருந்தால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது, கைப்பழக்கத்தில் அதற்கப்புறமும் சிலர் பழைய மாதிரியே வெட்டியிருப்பார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சுதந்திரம் வாங்கிய அன்றைக்கு அப்பாரு கட்டியிருந்தது என்று ஒருவர் எனக்கு எச்எம்டி கைக்கடிகாரம் ஒன்றைக் காட்டினார். எச்எம்டி கம்பெனி தொடங்கியதே 1953இல், பெங்களூரில் கடிகாரம் செய்ய ஆரம்பித்தது 1961இல். அதற்காக அந்தக் கதையைத் தூக்கிப் போட்டுவிடக்கூடாது, அது இன்னொரு தவறு. அன்றைக்கு அவர் வேறு ஏதோ கடிகாரம் கட்டியிருக்கலாம், பிற்பாடு அது தொலைந்து, கதை மட்டும் இந்தக் கடிகாரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். "வீட்டில் இப்படிச் சொல்வார்கள், ஆனால் இந்தக் கடிகாரம் 1961க்குப் பிந்தியது" என்று இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். பேரன் பேத்திகள் அதைப் படித்து, அந்த இன்னொரு கடிகாரத்தைத் தேடட்டும்.

கேட்கிற விதத்திலும் தப்பு நடக்கிறது. பெரியவர்களிடம் போய் "இது எத்தனை வருசத்துப் பொருள்?" என்று கேட்டால் அவர்களும் பாவம், ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். பொருளை அவர்கள் கையில் கொடுத்து, "இதை வெச்சு என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். அந்த அண்டாவைத் தொட்டுக்கொண்டு ஆத்தா சொன்னது இது: "நோம்பின்னா பூராச் சனத்துக்கும் இதுலதான் சோறாக்குவோம் கண்ணு. உங்கப்பன் பொறந்தன்னைக்குச் சுடுதண்ணி வெச்சதும் இதுலதான்." நாற்பது வருடமாக அந்த அண்டாவைப் பார்க்கிறேன், ஒருநாளும் எனக்கு இது தெரியாது. போனில் பதிவு செய்துகொண்டேன். பதிவு செய்ததை எழுதும்போது, 'கண்ணு'வை எடுத்துவிட்டு, போசியைப் பாத்திரம் என்றும் சாளையைப் பண்ணை வீடு என்றும் மாற்றிப் புத்தகத் தமிழ் ஆக்கிவிடாதீர்கள். வள்ளம் என்றால் நாலு படி என்று பக்கத்தில் ஒரு வரி விளக்கம் போட்டுக்கொள்ளலாம், ஆனால் அவர்கள் சொன்ன சொல் அப்படியே இருக்க வேண்டும்.

போட்டோவுக்கு லேமினேஷன் போடாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் படம் கெடாமல் திரும்பப் பிரிக்க முடியாது. கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்கவும் வேண்டாம், அப்படியே கண்ணாடிக்கு மேலாகவே படமெடுத்து வையுங்கள். பழைய படங்களை ஒட்டியிருக்கும் தடித்த அட்டையை வெட்டி எறிகிறார்கள், ஸ்டுடியோ பெயரும் ஊரும் அதில்தான் அச்சாகியிருக்கும். பின்பக்கம் யார் யார் என்று எழுத மெல்லிய பென்சில் போதும், பால்பாயிண்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் தெரியும். கூறைச்சேலை என்றால், எடுத்துக் காட்டிவிட்டுப் பழைய மடிப்பிலேயே திரும்ப மடிக்கக்கூடாது, சரிகை அந்த மடிப்பில்தான் ஒடியும். பிளாஸ்டிக் கவரில் போடாமல் துவைத்த பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள், ரசகற்பூரம் சரிகையில் படாமல் இருக்கட்டும். தெருவில் பழைய பட்டு எடுக்க வருகிறவர் பார்ப்பது சரிகையில் இருக்கும் வெள்ளியை மட்டும்தான்.

அப்புறம், கதை யாருடையது என்கிற விஷயம். இதை நாம் யோசிப்பதே இல்லை. ஒரு ஜோடி வளையலைக் காட்டி, இதை அடகு வைத்துத்தான் சித்தப்பாவைப் படிக்க வைத்தார்கள் என்று பெருமையாக எழுதுவோம். அந்தச் சித்தப்பாவுக்கு அது நாலு பேருக்குத் தெரிய வேண்டாத விஷயமாக இருக்கலாம். பாகம் பிரிக்கும்போது யார் பங்குக்கு எது போனது என்பதில் பல வீடுகளில் இன்னும் ஆறாத மனத்தாங்கல் உண்டு, ஒரு உருளியின் படத்தைப் போட்டதும் "அது எங்களுக்கு வர வேண்டியது" என்று பேச்சு ஆரம்பித்துவிடும். போடுவதற்கு முன்னால் சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் எழுதி வீட்டிலேயே வையுங்கள், எல்லாக் கதையும் இன்றைக்கே ஊருக்குத் தெரிந்தாக வேண்டியதில்லை.

நகையையும் வெள்ளிச் சாமானையும் வீடு தெரிகிற மாதிரி, ஊர் பெயரோடு போடவே போடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. நம் பக்கம் தோட்டத்துச் சாளைகளில் பெரியவர்கள் தனியாகத்தான் இருக்கிறார்கள், அப்படிப்பட்ட வீடுகளில் நடந்த கொள்ளையும் கொலையும் நாம் அறியாததல்ல. போன் கேமராவில் இடம் பதிவாகும் வசதியை அணைத்துவிட்டு, வெறும் சுவரையோ துணியையோ பின்னால் வைத்துப் படமெடுங்கள். கிரயப் பத்திரம், ஜாதகம் எல்லாம் பழசாக இருந்தாலும் முழுப் பக்கத்தையும் காட்ட வேண்டாம்.

சட்டம் தெரியாமல் மாட்டிக்கொள்வதும் நடக்கிறது. மலை ஓரத்து ஊர்களில் பழைய வீடுகளில் மான் கொம்பும் புலி நகமும் யானைத் தந்தமும் இருந்திருக்கின்றன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது, கையில் இருப்பதை அறிவிக்க 2003இல் 180 நாள் அவகாசமும் கொடுத்தார்கள். உரிமைச் சான்று இல்லாமல் "அப்பாரு காலத்தது" என்று சொன்னால் எடுபடாது. 2023இல் கர்நாடகத்தில் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் புலி நகப் பதக்கத்தோடு வந்த ஒருவரை வனத்துறை கைது செய்தது. சிலை போன்ற கலைப்பொருள்கள் நூறு வருடம் தாண்டினால் தொல்பொருள், ஓலைச்சுவடிக்கு 75 வருடம். அதை வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குப் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பக்கூடாது. கரூர், வெள்ளலூர், பொள்ளாச்சி என்று நம் பக்கம் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. கிணறு வெட்டும்போது உங்களுக்கும் காசுப் பானை கிடைத்தால் 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும், படம் எடுத்துப் போடுவதெல்லாம் அப்புறம்தான்.

பழைய நாணயத்தையோ நோட்டையோ காட்டினால் ஒரு வாரத்துக்குள் யாராவது கூப்பிட்டு, லட்சக்கணக்கில் போகும், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்பார்கள். ரிசர்வ் வங்கி தான் இப்படி எதையும் வாங்குவதோ விற்பதோ இல்லை, கமிஷனும் கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. ஒரு ரூபாய் கூட அனுப்பாதீர்கள். பொருளைப் பற்றி உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் ஈரோடு அரசு அருங்காட்சியகம் மாதிரியான இடத்துக்கு ஒரு நடை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள், தேய்த்து விளக்காமல்.