பழைய மேக் ஓஎஸ்ஸை இன்றைய கணினியில் ஓட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்பிளின் மேக் கணினிகளுக்கான மேக் ஓஎஸ் 9 போன்ற பழைய இயங்குதளத்தை இன்றைய கணினியில் ஓட்ட விரும்புவோரில் பலர், முதலில் ஒரு கணினிக்குள் இன்னொரு இயங்குதளத்தை ஓட்ட உதவும் விர்ச்சுவல்பாக்ஸை நிறுவிப் பழைய சிடியின் படிமத்தை, அதாவது முழு சிடியையும் ஒரே கோப்பாக எடுத்த நகலை, அதில் இணைத்துப் பார்க்கிறார்கள். எதுவும் தொடங்காததால் சிடிதான் கெட்டுவிட்டது என்று கைவிட்டுவிடுகிறார்கள். சிடியில் குறை இல்லை. விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருள்கள், உள்ளே ஓடும் இயங்குதளத்தின் கட்டளைகளைப் பெரும்பாலும் அப்படியே உண்மையான செயலியிடம் ஒப்படைக்கின்றன. பழைய மேக்குகளில் இருந்த பவர்பிசி செயலிக்காக எழுதப்பட்ட கட்டளை இன்டெல் செயலிக்கு விளங்காது. கட்டளைகளை மொழிபெயர்ப்பதோடு பழைய கணினியின் திரை, வட்டு, கடிகாரம் முதலியவற்றையும் போலச் செய்துகாட்டும் எமுலேட்டர்தான் இங்கே வேண்டும்.

அடுத்த தவறு, எந்த எமுலேட்டரும் எந்தப் பதிப்பையும் ஓட்டிவிடும் என்று எண்ணுவது. ஒவ்வொரு எமுலேட்டரும் குறிப்பிட்ட கணினியை அல்லது கணினிக் குடும்பத்தைப் போலச் செய்கிறது. அந்தக் கணினியில் ஓடாதது இதிலும் ஓடாது. மினி விமேக்கின் வழக்கமான வடிவம் 1986-இல் வெளிவந்த மேக்கின்டாஷ் பிளஸ்ஸைப் போலச் செய்வதால், அதில் கறுப்பு வெள்ளைத் திரையும் 4 எம்பி நினைவகமும்தான் கிடைக்கும். பவர்பிசிக்கு முந்தைய மேக்குகளில் இருந்த மோட்டரோலா 68000 வரிசைச் செயலிகளுக்கான பசிலிஸ்க் 2-இல் மேக் ஓஎஸ் 8.1 வரை நிறுவலாம், 8.5 முதல் பவர்பிசி கட்டாயம் என்பதால் அதற்கு மேல் வழியில்லை. பவர்பிசிக்கான ஷீப்ஷேவர் 7.5.2 முதல் 9.0.4 வரை ஏற்கும். செயலியின் நினைவக மேலாண்மைப் பகுதியை அது போலச் செய்வதில்லை, ஆகவே 9.1-ஐ நிறுவ எவ்வளவு முயன்றாலும் பயனில்லை. கடைசிப் பதிப்பான 9.2.2 வேண்டுமென்றால் கியூஎமு என்ற எமுலேட்டருக்குத்தான் போக வேண்டும்.

ஆகவே, எந்த மென்பொருளைத் திறக்கப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு எமுலேட்டரைத் தேர்வதே சரியான வரிசை என்பேன். ஆப்பிள் 1994-இல் பவர்பிசிக்கு மாறியபோது, பழைய மென்பொருள்களுக்காக 68000 வரிசை எமுலேட்டர் ஒன்றைத் தன் கணினிகளுக்குள்ளேயே வைத்தது. அதில் தசமக் கணக்கீட்டுக்கான தனிப் பகுதி, அதாவது எஃப்பியூ, கிடையாது. எஃப்பியூ இல்லாமல் ஓடாத பழைய வரைகலை அல்லது அறிவியல் மென்பொருளுக்கு, புதியது என்பதற்காகப் பவர்பிசி எமுலேட்டரைத் தேர்வது வீண். அதற்குப் பசிலிஸ்க் 2-தான் ஏற்றது.

மிக அதிகமாக நடப்பதும், பலவேளை திரும்பப் பெற முடியாத இழப்பைத் தருவதும் கோப்புகளைக் கொண்டுவரும் இடத்தில் நடக்கும் தவறு. பழைய மேக்கின் கோப்புக்கு இரண்டு கிளைகள் உண்டு: தரவுக் கிளை ஒன்று, வளக் கிளை ஒன்று. எழுத்துருக்கள், சின்னங்கள், 68000 வரிசை மென்பொருளின் நிரல் முதலியவை வளக் கிளையில்தான் இருக்கும். அத்தகைய மென்பொருளைச் சாதாரணப் பென் டிரைவ் வழியாக விண்டோஸுக்குக் கொண்டுவந்தால் தரவுக் கிளை மட்டுமே வந்துசேரும். கோப்பின் பெயர் சரியாக இருக்கும், அளவோ 0 பைட் என்று காட்டும். இது எந்த வகைக் கோப்பு, எந்த மென்பொருளுக்கு உரியது என்று சொல்லும் நான்கெழுத்துக் குறிகளும் அதோடு தொலைந்துபோகும். இரண்டு கிளைகளையும் சேர்த்துப் பொதியும் ஸ்டஃப்இட், பின்ஹெக்ஸ், மேக்பைனரி ஆகிய வடிவங்களில் ஏதேனும் ஒன்றில் பொதியப்பட்ட கோப்பை வெளியே பிரிக்காமல், பொதியாகவே எமுலேட்டருக்குள் கொண்டுசென்று, அங்குள்ள பழைய மேக்கிலேயே பிரிக்க வேண்டும். பழைய வட்டு கையில் இருந்தால், கோப்புகளைத் தனித்தனியே நகலெடுக்காமல் முழு வட்டையும் படிமமாக எடுத்துவிடுவது இன்னும் பாதுகாப்பானது.

நிறுவும் சிடியிலும் கவனம் வேண்டும். குறிப்பிட்ட கணினியோடு சேர்த்துத் தரப்பட்ட சிடி வேறு மாடலில் நிறுவ மறுத்துவிடும். கடையில் தனியாக விற்கப்பட்ட சிடியே பொருந்தும். பெரும்பாலான எமுலேட்டர்களுக்குப் பழைய மேக்கின் சிப்பில் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் நிரலின் நகலான ரோம் கோப்பும் தேவை. அது ஆப்பிளின் பதிப்புரிமைக்கு உட்பட்டது என்பதால், அதை நமக்குச் சொந்தமான பழைய மேக்கிலிருந்து எடுப்பதே முறை. கியூஎமு அதற்குப் பதிலாக ஓபன்பயாஸ் என்ற தொடக்க நிரலை வைத்திருப்பதால் அங்கே இந்தக் கேள்வி எழாது.

ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளிலிருந்து நினைவகம் போதவில்லை என்ற செய்தி வந்தவுடன் எமுலேட்டரின் நினைவகத்தை உயர்த்துவதும் பயன் தராத வேலை. மேக் ஓஎஸ் 9 வரை, ஒவ்வொரு மென்பொருளுக்கும் எவ்வளவு நினைவகம் என்பது முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். மென்பொருளின் சின்னத்தைத் தேர்ந்து, ஃபைல் மெனுவில் கெட் இன்ஃபோவைத் திறந்து, அங்குள்ள அளவை உயர்த்தினால்தான் செய்தி மறையும்.

எமுலேட்டரின் சாளரத்தை அப்படியே மூடிவிடுவது, உண்மையான மேக்கின் மின்கம்பியைப் பிடுங்குவதற்குச் சமம். நடந்துகொண்டிருக்கும் மாற்றங்களை முன்கூட்டியே பதிந்துவைக்கும் ஜர்னலிங் வசதி மேக் ஓஎஸ் எக்ஸ் காலத்தில், 2002-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய வட்டுகளில் எழுதும் வேலை பாதியில் நின்றால் கோப்பகமே சிதையக்கூடும். ஸ்பெஷல் மெனுவிலுள்ள ஷட் டவுனைக் கொடுத்து முறையாக நிறுத்த வேண்டும். வட்டுப் படிமத்தை நகலெடுப்பதும், அதையே வெளியிலுள்ள கணினியில் திறப்பதும் எமுலேட்டர் முழுமையாக நின்ற பிறகே நடக்க வேண்டும். ஒரே படிமத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் எழுதினால், பழைய மேக்கின் வட்டுச் சீர்செய்யும் மென்பொருளான டிஸ்க் ஃபர்ஸ்ட் எய்டாலும் மீட்க முடியாமல் போகலாம்.