செம்புக் கம்பியில் ஒரு சின்னக் குருவி

பூச்சில்லாத 20 கேஜ் செம்புக் கம்பி, சுமார் 0.8 மில்லிமீட்டர் தடிமன், ஒன்றரை அடி போதும். நான் எப்போதும் அலகிலிருந்துதான் தொடங்குவேன். கம்பியின் நடுவைக் குறடால் கூராக மடியுங்கள், அதுதான் அலகு. ஒரு முனையை முதுகாகவும் மறுமுனையை வயிறாகவும் வளைத்து, வாலில் சேர்த்து முறுக்குங்கள். வளைவுகளுக்கு விரலே நல்லது. குறடு பட்ட இடத்தில் தழும்பு விழும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வளைக்காதீர்கள். செம்பு வளைய வளைய இறுகி, பட்டென்று ஒடியும். என் முதல் குருவியின் கழுத்து அப்படித்தான் போனது, இன்னும் மனசு ஆறவில்லை. இறுகினால் குறட்டில் பிடித்துத் தீயில் மங்கலாகச் சிவக்கக் காட்டி ஆறவிடுங்கள், இளகிவிடும். சிறகுக்கு இதைவிட மெல்லிய 28 கேஜ் கம்பியை நெருக்கமாகச் சுற்றுங்கள். காதில் தொங்கவிடுவதானால் கொக்கி முனையை அரத்தால் தேய்த்து, கன்னத்தில் உரசிப் பாருங்கள். உறுத்தினால் இன்னும் தேய்க்க வேண்டும்.